பருவத்தோடும் மாதச் சுழற்சியோடும் இணைந்து உண்ணுதல்: சீன மரபு மருத்துவ முறையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சீன மரபு மருத்துவம் சொல்லும் உணவு முறையைப் பற்றித் தேடத் தொடங்கும் ஒரு பெண்ணின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு வண்ணக் கட்டம்தான். மாதவிடாய்ச் சுழற்சியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்திற்கும் உண்ண வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை என்று பட்டியலிட்டு, "ஈராயிரம் ஆண்டுப் பழமை" என்று மேலே எழுதியிருப்பார்கள். அந்தத் தலைப்பில் பாதி மட்டுமே உண்மை. பருவத்திற்கேற்ப உண்ண வேண்டும் என்ற கருத்து, கி.மு. 2, 1 ஆம் நூற்றாண்டுகளை ஒட்டித் தொகுக்கப்பட்டதாக அறிஞர்கள் பெரும்பாலோர் கருதும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மூல நூலிலேயே இருக்கிறது. பெண்ணின் உடல் ஏழேழு ஆண்டுகளாக மாறுகிறது என்பதையும், 14 வயதில் மாதவிடாய் தொடங்கி 49 வயதில் நிற்கிறது என்பதையும் அந்நூலின் முதல் அத்தியாயமே சொல்கிறது. ஆனால் மாதச் சுழற்சியை நான்கு கட்டங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவம் வகுக்கும் முறை, ஹார்மோன்களைப் பற்றிய நவீன அறிவு சீன மருத்துவர்களை எட்டிய பிறகு, 20 ஆம் நூற்றாண்டில் உருவானது. நாஞ்சிங் நகரத்து மருத்துவர் சியா குய்செங் அதை விரிவாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர். ஆளி விதை, பூசணி விதை ஆகியவற்றைச் சுழற்சியின் முற்பாதியிலும், எள், சூரியகாந்தி விதை ஆகியவற்றைப் பிற்பாதியிலும் உண்ணச் சொல்லும் 'விதைச் சுழற்சி' முறையையும் சிலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது மேலைநாட்டு இயற்கை மருத்துவர்களின் வழக்கமே தவிர, சீன மருத்துவத்தைச் சேர்ந்ததன்று.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பழைய பகுதிக்கு அடிப்படை பட்டியல் அன்று, கவனிப்பு. புதியவர்கள் பட்டியலில் தொடங்கி, இரண்டாவது வாரத்திலேயே கிடைக்காத பொருள்களைத் தேடிச் சலித்து விட்டுவிடுகிறார்கள். ஆகவே கீழே சொல்லப்படும் வரிசை, கவனிப்பிலிருந்து தொடங்கி, காலை உணவு, பருவம், மாதச் சுழற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறது. மூலிகைகள் கடைசியில்தான் வருகின்றன. சுன் சிமியாவ் என்ற தாங் அரசகால மருத்துவரும் 652 ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் பெருநூலில் இந்த வரிசையைத்தான் வலியுறுத்தினார்: நோயின் காரணத்தை அறிந்து முதலில் உணவால் சரிசெய்ய வேண்டும், உணவால் ஆகாதபோதே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

முதற்படி: மூன்று சுழற்சிகளைக் குறித்து வைத்தல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, உதிரம் எத்தனை நாள் வருகிறது, அதன் நிறம் வெளிர்சிவப்பா, கடுஞ்சிவப்பா, கருமை கலந்ததா, கட்டிகள் வருகின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி இருந்தால் அது எப்போது வருகிறது என்பதோடு, எதனால் தணிகிறது என்பதையும் எழுதுங்கள். சீன மருத்துவர் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பார். வெந்நீர்ப் பையை வைத்தால் தணியும் வலி குளிர்ச்சியால் வருவது, வயிற்றை அழுத்திப் பிடித்தால் சுகமாக இருக்கும் வலி குறைபாட்டால் வருவது, தொடவே விடாத வலி தேக்கத்தால் வருவது என்பது அவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பாகுபாடு.

இவற்றோடு கை கால்கள் சில்லிட்டுப் போகின்றனவா, தாகம் எடுக்கும்போது குளிர்ந்த நீர் பிடிக்கிறதா வெந்நீர் பிடிக்கிறதா, மலம் இளகியதா இறுகியதா, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மார்பு கனக்கிறதா, எரிச்சல் வருகிறதா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் பல் துலக்குவதற்கு முன் கண்ணாடியில் நாக்கைப் பாருங்கள். வெளிறி, ஓரங்களில் பல் தடம் பதிந்த நாக்கு செரிமான ஆற்றல் தளர்ந்திருப்பதைக் காட்டும் என்பார்கள். நாக்கின் மேல் தடித்துப் படியும் வெண்மாவு குளிர்ச்சியையும், 'ஈரம்' எனப்படும் தேங்கிய நீர்த்தன்மையையும், மஞ்சள் மாவு வெப்பத்தையும், மாவு அற்ற செந்நாக்கு உடலின் ஈரப்பதம் குறைந்திருப்பதையும் குறிக்கும். காபி குடித்த பிறகு பார்த்துவிட்டு மஞ்சள் மாவு என்று பயப்பட வேண்டாம்.

சீன மரபு மருத்துவத்திற்கான அந்நாட்டுத் தேசியச் சங்கம் 2009 இல் வெளியிட்ட தரநிலை, உடல்வாகுகளை ஒன்பதாக வகுக்கிறது. தொடங்குபவருக்கு ஒன்பதும் வேண்டியதில்லை. உங்கள் உடல் குளிர்ச்சியின் பக்கம் சாய்கிறதா, வெப்பத்தின் பக்கமா, வறட்சியா, ஈரமா என்ற அளவுக்குத் தெரிந்தால் இப்போதைக்குப் போதுமானது.

இரண்டாம் படி: உணவின் இயல்பை அறிதல்

சீன உணவு மருத்துவம் எந்தப் பொருளையும் குளிர், தண்மை, சமம், இளஞ்சூடு, சூடு என்ற ஐந்து இயல்புகளில் ஒன்றில் வைக்கிறது. இது அடுப்பிலிருந்து இறக்கும்போது இருக்கும் சூட்டைப் பற்றியதன்று, உண்டபின் உடலில் அது செய்யும் வேலையைப் பற்றியது. 'உடம்புக்குச் சூடு', 'குளிர்ச்சி' என்று பேசிப் பழகிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தப் பழக்கமே ஒரு பொறியும் ஆகும், ஏனெனில் இரண்டு மரபுகளும் பல பொருள்களில் நேர்மாறாக நிற்கின்றன. நம் வீடுகளில் சளி பிடித்தால் நண்டு ரசம் வைப்பார்கள், நண்டு சூடு என்பதால். சீனர்களுக்கு நண்டு கடுங்குளிர்ச்சி. சுசோவுக்கு அருகிலுள்ள யாங்செங் ஏரியின் நண்டுகளை இலையுதிர் காலத்தில் வேகவைத்து உண்ணும்போது, இஞ்சி கலந்த காடியும் வெதுவெதுப்பான அரிசி மதுவும் கூடவே வருவது அந்தக் குளிர்ச்சியை ஈடுகட்டத்தான். மாதவிடாய் நாட்களில் நண்டைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். எள் நமக்குச் சூடு, அவர்களுக்குக் கருப்பு எள் சமநிலைப் பொருள். ஆகவே ஒரு முறையைப் பின்பற்றும் காலம் வரையில் அந்த முறையின் பகுப்பையே பின்பற்றுவது நல்லது. இரண்டையும் கலந்தால் எதையும் உண்ண முடியாது.

இயல்போடு ஐந்து சுவைகளும் உண்டு. புளிப்பு கல்லீரலோடும், கசப்பு இதயத்தோடும், இனிப்பு மண்ணீரலோடும், கார்ப்பு நுரையீரலோடும், உப்பு சிறுநீரகத்தோடும் தொடர்புடையவை. இங்கே மண்ணீரல் என்றால் உணவை உயிராற்றலாகவும் குருதியாகவும் மாற்றும் முழுச் செயல்பாடு என்றும், சிறுநீரகம் என்றால் வளர்ச்சி, கருவளம், முதுமை ஆகியவற்றின் இருப்புக் கருவூலம் என்றும் கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று வந்திருக்கும்போது சீன மருத்துவர் "சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது" என்றால் இருவரும் ஒரே உறுப்பைப் பற்றிப் பேசவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: காலை உணவை மட்டும் மாற்றுதல்

முதல் மாதத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால், பழச்சாறு, பச்சைக் காய்க் கலவை ஆகியவற்றை விட்டு, சூடாகவும் நன்றாக வெந்ததாகவும் ஒரு காலை உணவை உண்ணுங்கள். சீன மருத்துவத்தின் உறுப்புக் கடிகாரத்தில் காலை 7 முதல் 9 வரை இரைப்பையின் நேரம், 9 முதல் 11 வரை மண்ணீரலின் நேரம். அந்த வேளையில் குளிர்ந்ததை ஊற்றுவது, எரியத் தொடங்கும் அடுப்பில் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பு.

இதற்கு மிக எளிய உணவு அரிசிக் கஞ்சி. அரிசி ஒரு பங்கு, தண்ணீர் எட்டு முதல் பத்துப் பங்கு. கொதித்தபின் தீயைக் குறைத்து, மணிகள் குழைந்து நீரும் அரிசியும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகும் வரை முக்கால் மணி நேரத்திற்குக் குறையாமல் வேகவிட வேண்டும். இந்தக் கஞ்சிதான் இனி வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம், ஏனெனில் பருவத்திற்கும் சுழற்சிக்கும் ஏற்றவற்றை இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வறட்சி உள்ளவர்கள் வள்ளிக்கிழங்கின் உறவான சீன மலைக்கிழங்கையும், மலம் இளகிப் போகிறவர்கள் தாமரை விதையையும் சேர்ப்பார்கள். கடைகளில் தாமரை விதை என்று விற்கப்படும் வெள்ளைப் பொரியான மக்கானா தாமரை விதை அன்று. அது வேறொரு நீர்த்தாவரத்தின் விதை, சீன மருத்துவத்திலும் அதற்குத் தனிப் பெயரும் தனிப் பயனும் உண்டு.

வயிற்றில் எழுபது விழுக்காடு நிறைந்ததும் நிறுத்துவது, நாள் முழுவதும் வெந்நீர் அருந்துவது ஆகிய இரண்டும் சீன வீடுகளில் கேட்கப்படும் வழக்கமான அறிவுரைகள். காதலிக்கு மாதவிடாய் வலி என்றால் "நிறைய வெந்நீர் குடி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஆண்களைக் கேலி செய்யும் தொடராகவே அது அங்கே மாறிவிட்டது. அறிவுரையில் பிழை இல்லை, எழுந்து போய் நீரைச் சுடவைத்துக் கொடுத்திருக்கலாம் என்பதே கேலியின் சாரம்.

நான்காம் படி: பருவத்தைச் சேர்த்தல்

சீன நாட்காட்டி ஆண்டை 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கிறது. இந்த அறிவு மரபை யுனெஸ்கோ 2016 இல் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இளவேனில் பிப்ரவரி 4 ஐ ஒட்டியும், கோடை மே 5 அல்லது 6 இலும், இலையுதிர் காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8 இலும், குளிர்காலம் நவம்பர் 7 அல்லது 8 இலும் தொடங்குகின்றன. வெளியே இன்னும் வெயில் கொளுத்தும்போதே இலையுதிர் காலம் பிறந்துவிடுவது புதியவர்களைக் குழப்பும். பருவம் உச்சத்தை எட்டுவதற்கு முன்னரே உள்ளே திரும்பத் தொடங்கிவிடுகிறது என்பது அந்த நாட்காட்டியின் கணக்கு.

இளவேனில் கல்லீரலுக்குரியது, கல்லீரலின் சுவை புளிப்பு. இதைப் படித்தவுடன் இளவேனிலில் புளிப்பை நிறைய உண்ண வேண்டும் என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். சுன் சிமியாவ் சொன்னது இதற்கு நேர்மாறானது: இளவேனிலில் புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டி மண்ணீரலைப் பேணுக. தன் பருவத்தில் கல்லீரல் இயல்பாகவே மேலோங்கி நிற்கும். அதற்குப் புளிப்பையும் ஊட்டினால் அது மண்ணீரலை நெருக்கும், செரிமானம் கெடும், மண்ணீரல் தளர்ந்தால் குருதி உண்டாவதும் குறையும். இங்கே இனிப்பு என்றால் சர்க்கரை அன்று. அரிசி, மலைக்கிழங்கு, சிவப்பு இலந்தை, கேரட் போன்றவற்றின் மென்மையான இயல்பினிப்பு. அதோடு வெங்காயத்தாள், முளைவிட்ட பயறு, இளங்கீரைகள் என்று மேல்நோக்கி வளரும் பசுமையானவற்றைச் சிறிது எண்ணெயில் சட்டென வதக்கி உண்பார்கள். மாதவிடாய்க்கு முன் எரிச்சலும் மார்புக் கனமும் உள்ள பெண்களுக்கு அந்தத் தொல்லை இளவேனிலில் கூடும் என்பது சீன மருத்துவரின் எதிர்பார்ப்பு, ஏனெனில் அதுவும் கல்லீரலின் தேக்கம்தான்.

கோடையில் பாசிப்பயற்றுக் கஞ்சி, வெள்ளைப் பூசணி, பாகற்காய், வெள்ளரி, தர்ப்பூசணி ஆகியவை வெப்பத்தைத் தணிக்கும். ஆனாலும் 'நெய்ஜிங்' நூல், இளவேனிலிலும் கோடையிலும் யாங் என்னும் வெம்மையாற்றலையும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யின் என்னும் தண்மையாற்றலையும் பேண வேண்டும் என்கிறது. "குளிரில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி" என்று தொடங்கும் சீனப் பழமொழியும் இதையே சொல்கிறது. கோடையில் வெம்மை தோலுக்கு ஏறிவிடுவதால் வயிற்றின் உட்பகுதி குளிர்ந்து கிடக்கும். பனிக்கட்டியைப் போட்டால் அந்தக் குளிர்ச்சி கூடுகிறது, காலையில் மெல்லிய இரண்டு துண்டு இஞ்சி அதைத் தடுக்கிறது. குளிர்பானங்களைக் கண்டால் சீன மருத்துவர்கள் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். கோடையில் பனிக்கட்டியில் செலவிட்டதை மாதவிடாய் வலியாகத் திருப்பிக் கொடுக்க நேரும் என்பது அவர்கள் கணக்கு.

கோடை முடியும் வேளையின் புழுக்கம் மண்ணீரலுக்குரிய தனிப் பருவமாகக் கருதப்படுகிறது. சிவப்புக் காராமணியை ஒத்த சிறு செம்பயற்றையும், முத்துப் போன்ற யீமி தானியத்தையும் வேகவைத்த நீர் ஈரத்தை வெளியேற்றும். கருவுற்றிருப்பவர்கள் யீமியைத் தவிர்க்க வேண்டும் என்பது மரபு.

இலையுதிர் காலத்தின் எதிரி வறட்சி. பேரிக்காய், தாமரைத் தண்டு, லில்லிக் கிழங்கின் இதழ்கள், தேன், எள், வெண்பனிக் காளான் ஆகியவை உடலின் ஈரத்தைக் காக்கும். உலர்ந்த வெண்பனிக் காளானை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சளான அடிப்பகுதியை வெட்டி நீக்கி, பேரிக்காய்த் துண்டுகளுடன் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வேகவிட்டால் குழம்பு வழுவழுப்பாகும். கற்கண்டைக் கொஞ்சமாகக் கடைசியில் சேர்க்கலாம்.

குளிர்காலம் சிறுநீரகத்துக்குரியது. கருப்பு உளுந்தை ஒத்த சீனக் கருப்புச் சோயா, கருப்பு எள், வால்நட், எலும்புக் குழம்பு, ஆட்டிறைச்சி ஆகியவற்றால் இருப்பைச் சேர்க்கும் காலம் இது. கி.பி. 200 ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங் மகப்பேற்றுக்குப் பின் வரும் வயிற்றுவலிக்கு எழுதிவைத்த, டாங்குய் என்ற மூலிகை வேரும் இஞ்சியும் சேர்ந்த ஆட்டிறைச்சிக் குழம்பு இன்றும் பல வீடுகளில் குளிர்காலச் சமையலாக இருக்கிறது. அரைக் கிலோ ஆட்டிறைச்சியைக் கொதிநீரில் போட்டு எடுத்து அழுக்கு நுரையைக் கழுவி, 30 கிராம் இஞ்சியையும் 10 கிராம் டாங்குய்யையும் சேர்த்து, இறைச்சி மெத்தென்று ஆகும் வரை வேகவிட வேண்டும். உப்பு கடைசியில். வாரத்திற்கு ஒருமுறை போதும். இதை உண்டபின் முகப்பருவோ வாய்ப்புண்ணோ வந்தால் உங்கள் உடல்வாகுக்கு அது ஒத்துவரவில்லை என்று பொருள், பருவம் என்ன சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும்.

சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இந்த நான்கு பருவங்கள் இல்லையே என்று கேட்கலாம். காலம், இடம், ஆள் ஆகிய மூன்றையும் பார்த்தே சிகிச்சையை வகுக்க வேண்டும் என்பது சீன மருத்துவத்தின் சொந்த விதி. குவாங்டோங் மாகாணம் ஆண்டின் பெரும்பகுதியில் புழுக்கமாக இருப்பதால் அங்கே உடல் வெப்பத்தைத் தணிக்கும் மூலிகைத் தேநீர்க் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பெய்ஜிங்கில் குளிர்காலத்தில் உண்ணும் ஆட்டிறைச்சியின் அளவை அங்கே யாரும் உண்பதில்லை. ஆகவே தேதியைப் பார்க்காமல் வானிலையைப் பாருங்கள். கொளுத்தும் வெயில் கோடை, அடைமழைக் காலம் ஈரப் பருவம், பனி விழும் வறண்ட மார்கழி, தை மாதங்கள் இலையுதிர் காலத்துக்கு அருகில் வரும். வெப்பநாட்டில் வாழ்பவர் குளிர்காலப் பட்டியலை அப்படியே பின்பற்றத் தேவையே வராது.

ஐந்தாம் படி: மாதச் சுழற்சியைச் சேர்த்தல்

பருவ உணவு பழகி இரண்டு மாதம் ஆனபிறகு இதைத் தொடங்கலாம். 1237 இல் சென் ஜிமிங் எழுதிய மகளிர் மருத்துவ நூல், மாதவிடாயைச் சீர்செய்யும் பகுதியையே முதலில் வைத்தது. அந்த மரபில் பெண்ணின் நலத்திற்கு அடிப்படை குருதி: மண்ணீரல் அதை உண்டாக்கிக் காக்கிறது, கல்லீரல் சேமித்து ஓடவிடுகிறது, சிறுநீரகம் அதற்கு வேராக இருக்கிறது.

உதிரம் வரும் நாட்களில் நோக்கம் ஒன்றுதான்: தடையின்றி இறங்கட்டும். குளிர்ந்ததும் பச்சையானதும் குருதியை உறையச் செய்யும், மிகுந்த புளிப்பு சுருக்கும், மிகுந்த காரம் மிகையாக ஓட்டும். மெத்தென்ற கஞ்சி, குழம்பு, வெந்த கீரை, முட்டை ஆகியவை ஏற்றவை. சீனாவில் எல்லோரும் அறிந்தது பழுப்புச் சர்க்கரையும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய நீர். நான்கு துண்டு இஞ்சி, ஐந்து சிவப்பு இலந்தை, அரை லிட்டர் தண்ணீர், இருபது நிமிடக் கொதி, கொஞ்சம் சர்க்கரை. நாட்டு வெல்லமும் இந்த வேலைக்குப் பொருந்தும். ஆனால் இது குளிர்ச்சியால் வலிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. உதிரம் கடுஞ்சிவப்பாகவும் மிகுதியாகவும் வந்து, தாகமும் உடல் வெப்பமும் இருந்தால், இஞ்சி நீர் அதை இன்னும் கூட்டும் என்பார்கள். எல்லா மாதவிடாய் வலிக்கும் ஒரே பானம் என்று விற்கும் பொட்டலங்கள் இதைச் சொல்வதில்லை. மாதவிடாய் வலிக்கு இஞ்சி பயன்படுவதைச் சிறு அளவிலான நவீன ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதற்கும் அப்படியே. மற்றபடி, சுழற்சியின் கட்டத்திற்கேற்ப உணவை மாற்றினால் ஹார்மோன்கள் சீராகும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை என்பதை அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

உதிரம் நின்றதும் வரும் ஏழு முதல் பத்து நாட்களே என் கணிப்பில் உணவால் அதிகம் செய்யத்தக்க காலம். இழந்த குருதியையும் யின் ஆற்றலையும் நிரப்ப வேண்டிய நேரம் இது. ஈரல், முட்டை, இறைச்சி, மீன், பசலைக் கீரை, கருப்பு எள், கருஞ்சோயா, கோஜிப் பழம், லொங்கான் பழம் ஆகியவை சீன வீடுகளின் தேர்வு. தைவானில் பல தாய்மார்கள் பருவமெய்திய மகள்களுக்கு உதிரம் நின்றபின் டாங்குய், சுவான்சியோங், வெண்பியோனி வேர், பதப்படுத்திய டிஹுவாங் ஆகிய நான்கும் சேர்ந்த நாற்பொருள் கஷாயத்தை வைத்துக் கொடுப்பார்கள். நின்றபின் என்பது முக்கியம், வந்துகொண்டிருக்கும்போதன்று.

சிவப்பு இலந்தையைப் பற்றி இரண்டு சொற்கள். 'ரெட் டேட்' என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து இதைப் பேரீச்சை என்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு. இது நம் இலந்தைப் பழத்தின் நெருங்கிய உறவு, பேரீச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடுத்து, நிறம் சிவப்பு என்பதால் இது இரும்புச் சத்தின் ஊற்று என்ற நம்பிக்கை சீனாவிலேயே பரவலாக இருக்கிறது. உண்மையில் இதிலுள்ள இரும்பு குறைவு, உடல் ஏற்பதும் எளிதன்று. ரத்தசோகை உள்ளவர் இலந்தைத் தேநீரை நம்பி மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கருமுட்டை வெளிப்படும் நடுநாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யின் நிறைந்து யாங்காகத் திரும்பும் திருப்பம் அது. கனமான, எண்ணெய் மிகுந்த உணவைக் குறைத்து, வெங்காயத்தாள், இஞ்சி, இறால், சமைத்த பசுமையான காய்கள் என்று ஓட்டத்திற்கு உதவுபவற்றை உண்டு, கொஞ்சம் நடந்தால் நல்லது.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் யாங் மிகுந்து கல்லீரலின் ஓட்டம் தடைப்படலாம். மார்பு கனத்தல், பெருமூச்சு, சிறு விஷயத்துக்கும் கண்ணீர், கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். ரோஜா மொட்டுத் தேநீர் இங்கே முதல் தேர்வு. அடுத்தது குவாங்டோங்கின் சின்ஹுவெய் பகுதியில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பழக்கப்படும் ஆரஞ்சுத் தோல், ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் ஊறவைத்தால் போதும். பச்சைத் தோலைக் காயவைத்துப் போடுவது அதற்கு ஈடாகாது, கசக்கும். உப்பு, காபி, மது, பொரித்த காரப் பண்டங்கள் ஆகியவற்றைக் குறைத்தால் வீக்கமும் எரிச்சலும் தணிவதைப் பலர் உணர்கிறார்கள். கை கால் குளிர்ந்து, இடுப்பு வலித்து, மலம் இளகிப் போகிறவர்கள் மட்டும் வால்நட், மலைக்கிழங்கு, சிறிது ஆட்டிறைச்சி என்று வெம்மையைச் சேர்க்கலாம்.

பருவமும் சுழற்சியும் மோதும்போது

உச்சிக்கோடையில் உதிரம் தொடங்குகிறது. பருவம் பாசிப்பயறும் தர்ப்பூசணியும் உண்ணச் சொல்கிறது, சுழற்சி குளிர்ச்சி வேண்டாம் என்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வழக்கில் உள்ள தீர்வு, உதிரம் வரும் நாட்களில் மட்டும் சுழற்சிக்கு முதலிடம் கொடுத்து, மற்ற நாட்களில் பருவத்தைப் பின்பற்றுவது. முதலிடம் கொடுப்பது என்றால் கோடையில் ஆட்டிறைச்சிக் குழம்பு வைப்பதன்று. கடுங்குளிர்ச்சியை விட்டுச் சமநிலைப் பொருள்களுக்கு வருவதுதான். பாசிப்பயற்றுக்குப் பதில் செம்பயறு, தர்ப்பூசணிக்குப் பதில் ஒரு ஆப்பிள், வெள்ளைப் பூசணிக் குழம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் நான்கு துண்டு இஞ்சி. இந்த இரண்டுக்கும் மேலாக உங்கள் நோட்டுப் புத்தகம் நிற்கிறது. வெப்ப உடல்வாகும் கடுஞ்சிவப்பு உதிரமும் உள்ள பெண், குளிர்காலமாயினும் மாதவிடாய் நாளாயினும் இஞ்சியைக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

மூலிகை வாங்கும் முன்

சமையலறைப் பொருள்களில் தவறு நேர்ந்தால் வயிறு மட்டும் கலங்கும், மூலிகையில் அப்படியன்று. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள் டாங்குய்யைத் தொடக் கூடாது. கோஜிப் பழமும் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு. அதிமதுரம் சேர்ந்த கலவைகளை நாள்தோறும் அருந்தினால் ரத்த அழுத்தம் ஏறலாம். கருவுற்றிருப்பவர், கருவுற முயல்பவர், உதிரப்போக்கு மிகுந்தவர், கருப்பை நார்க்கட்டி உள்ளவர் ஆகியோர் தாமாக எந்த மூலிகையையும் தொடங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பழுப்புச் சர்க்கரையும் சர்க்கரைதான். சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பதிவு பெற்றிருக்க வேண்டும், மலேசியாவில் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடியாக விற்பதை வாங்காதீர்கள். முழு வேராகவோ துண்டுகளாகவோ கண்ணால் பார்த்து வாங்குவதே முறை.

ஒரு மணி நேரத்திற்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து அது தொடர்ந்து பல மணி நேரம் நீடித்தாலோ, சுழற்சி 21 நாளுக்குக் குறைந்தோ 35 நாளுக்கு மிஞ்சியோ தொடர்ந்து வந்தாலோ, இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் உதிரம் கண்டாலோ, வலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனாலோ, மாதவிடாய் நின்றபின் மறுபடி உதிரம் வந்தாலோ, அது உணவால் பார்க்க வேண்டிய விஷயம் அன்று. மகளிர் மருத்துவரிடம் போகும்போது முதற்படியில் தொடங்கிய அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி மூன்று சுழற்சிகளின் தேதிகளை அவரும் முதலில் கேட்பார்.